மீட்டர் தலைகளை எண்ணுவதில்லை

பாடப்புத்தகத்தில் வருகிற கோடைக்காலம் நம் நாட்டில் இல்லை. ஆனால் வெயில் காலம் இருக்கிறது. மார்ச் முதல் மே வரை, இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட நாட்களில், காற்று அசையாமல் நிற்கும். மே கடைசியில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால் செப்டம்பர் வரை மழை குறைவு; சில ஆண்டுகளில் புகைமூட்டமும் சேர்ந்துகொள்ளும். மூன்று நாட்கள் தொடர்ந்து 35 டிகிரியைத் தொட்டாலே வானிலை ஆய்வுத் துறை முதல்நிலை எச்சரிக்கை விடுக்கிறது. பெர்லிஸ் மாநிலத்தின் சுப்பிங்கில் 1998 ஏப்ரல் 9ஆம் தேதி பதிவான 40.1 டிகிரிதான் நாட்டின் உச்ச வெப்பநிலை என்று நம்மில் பலர் இடைநிலைப்பள்ளி புவியியலில் படித்திருப்போம்.

இந்த மாதங்களில் வீட்டுக்கு வரும் மின்கட்டணச் சீட்டைப் பற்றித்தான் இங்கு எழுதுகிறேன். அதைப் பெரியவர்களின் வேலை என்று ஒதுக்கிவைக்க நமக்கு உரிமையில்லை. வீட்டில் இரவு முழுவதும் ஏர்கோன் ஓடுவது பெரும்பாலும் நம் அறையில்தான்.

தீபகற்ப மலேசியாவில் 2025 ஜூலை 1 முதல் மின்கட்டணம் கணக்கிடும் முறையே மாறிவிட்டது. பழைய முறை படிக்கட்டு போன்றது. முதல் 200 யூனிட்டுக்கு 21.8 சென், அடுத்த 100 யூனிட்டுக்கு 33.4 சென், அதன் பிறகு 51.6 சென் என்று ஏறிக்கொண்டே போகும். நீங்கள் எத்தனை படி ஏறினாலும் கீழே விட்டுவந்த படிகளின் விலை மாறாது. (ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி.)

புதிய முறையில் பெரும்பாலான வீடுகளுக்குத் தொடக்க விலை ஒன்றுதான். மின்சாரத்திற்கு 27.03 சென், மின்நிலையத் திறனுக்கு 4.55 சென், கம்பி வழி கொண்டுவருவதற்கு 12.85 சென். கூட்டினால் யூனிட்டுக்கு 44.43 சென். அதிலிருந்து, குறைவாகப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஓர் ஊக்கத்தொகை கழிக்கப்படுகிறது. சீட்டில் ‘இன்சென்திஃப் செகாப் தெனாகா’ என்று இருக்கும் வரி அதுதான். 200 யூனிட்டுக்குள் இருந்தால் யூனிட்டுக்கு 25 சென் கழிவு. பயன்பாடு கூடக்கூடக் கழிவு தேய்ந்து, 600ஐத் தொடும்போது 9 சென்னாகி, 1,000ஐத் தாண்டினால் ஒன்றுமே இல்லாமல் போகிறது.

இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. நீங்கள் எந்த வரம்பில் முடிக்கிறீர்களோ, அந்த வரம்பின் கழிவுதான் முதல் யூனிட்டிலிருந்து கடைசி யூனிட் வரை கணக்கில் எடுக்கப்படும். படிக்கட்டில் ஏறினால் கீழ்ப்படி அங்கேயே இருக்கும் என்றேன் அல்லவா? இங்கே நீங்கள் ஏறியதும் கீழ்ப்படியும் கூடவே மேலே வந்துவிடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு. 350 யூனிட்டில் நிறுத்திய வீட்டுக்குக் கழிவு 21 சென், கட்டணம் 82.01 ரிங்கிட். 351க்குப் போன வீட்டுக்குக் கழிவு 17 சென், கட்டணம் 96.28 ரிங்கிட். ஒரே ஒரு யூனிட்டுக்கு 14 ரிங்கிட்டுக்கும் மேல் வித்தியாசம். நான் கணிப்பானில் மூன்று முறை தட்டிப் பார்த்தேன், விடை மாறவில்லை.

600 இதைவிடப் பெரிய கோடு. அதைத் தாண்டினால் கழிவு 9 சென்னிலிருந்து 7.5 சென்னுக்கு இறங்கும். மாதம் 10 ரிங்கிட் சில்லறைக் கட்டணம் புதிதாகச் சேரும். எரிபொருள் விலைக்கு ஏற்ப மாதந்தோறும் மாறும் சரிக்கட்டல் தொகையும் உங்களுக்குப் பொருந்தத் தொடங்கும்; 600க்குள் இருப்பவர்களுக்கு அது கிடையாது. 600க்கு மேற்பட்ட பகுதிக்கு 8 விழுக்காடு சேவை வரியும் உண்டு.

எங்கள் வீட்டுக் கணக்கு

கிள்ளானில் எங்களுடையது ஒரு மாடித் தரைவீடு. பாட்டி, அப்பா, அம்மா, அண்ணன், நான், தங்கை என்று ஆறு பேர். வெயில் மாதத்தில் எங்கள் பயன்பாடு 640 யூனிட்டை ஒட்டி வருகிறது. அது எங்கே போகிறது என்று பொருள் பொருளாகப் போட்டுப் பார்த்தேன். அளவுகள் தோராயமானவைதான், வீட்டுக்கு வீடு மாறும்.

ஒரு குதிரைத்திறன் ஏர்கோன் இரண்டு இருக்கின்றன. கம்ப்ரசர் விட்டுவிட்டு ஓடுவதால் சராசரியாக மணிக்கு 0.6 யூனிட் என்று வைத்துக்கொண்டேன். இரவு எட்டு மணி நேரம், முப்பது நாள், இரண்டு இயந்திரம்: 288 யூனிட். மொத்தத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவு. நான்கு காற்றாடிகள் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் சுற்றினாலும் மாதம் 95 யூனிட்டைத் தாண்டவில்லை. குளிர்பதனப் பெட்டிக்கு 45. எனக்கு வியப்பளித்தது குளியலறைச் சுடுநீர்ச் சாதனம். அதன் திறன் 3.5 கிலோவாட். ஆளுக்கு எட்டு நிமிடம், நாளுக்கு ஒரு முறை என்றாலே ஆறு பேருக்கு மாதம் 84 யூனிட். வெளியே 34 டிகிரி கொளுத்துகிறது. நாங்கள் உள்ளே தண்ணீரைக் காசு கொடுத்துச் சூடாக்கிக் குளிக்கிறோம்.

வீட்டிலுள்ள பத்து எல்.இ.டி. விளக்குகளும் சேர்ந்து மாதம் 15 யூனிட்தான். “லைட்டை அணை” என்பது எல்லா வீட்டிலும் அன்றாடம் ஒலிக்கும் வாசகம். குண்டு பல்பு காலத்தில் அதற்குப் பொருள் இருந்தது. இன்று விளக்கை அணைப்பதால் எந்த வீடும் 600 கோட்டுக்குக் கீழே இறங்கிவிடாது. ஏர்கோன் ஒரு மணி நேரம் குறைந்தால் 10 வாட் விளக்கு ஒன்றை அறுபது மணி நேரம் எரிக்கலாம்.

640 யூனிட்டுக்கு எங்கள் கட்டணம், சில்லறைக் கட்டணத்தோடு சேர்த்து, வரிகளும் சரிக்கட்டலும் நீங்கலாக, 246.35 ரிங்கிட். அதுவே 590 என்றால் 209.04 ரிங்கிட். 50 யூனிட்டைக் குறைத்தால் 37 ரிங்கிட் மிச்சம். அதாவது அந்த 50 யூனிட்டுகள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 75 சென் பெறுமானம். கோட்டுக்கு அருகில் இருக்கும் வீட்டுக்குச் சேமிப்பின் மதிப்பு மிக அதிகம்.

50 யூனிட்டைக் குறைப்பது கடினமில்லை. ஏர்கோனை ஒரு மணி நேரம் தாமதமாகத் திறந்து, விடியற்காலையில் ஒரு மணி நேரம் முன்னதாக அணையும்படி டைமர் வைத்தால் 72 யூனிட் குறையும். பாட்டியைத் தவிர மற்றவர்கள் சுடுநீர் இல்லாமல் குளித்தால் 70. இரண்டில் ஒன்று போதும். ஏர்கோனை 18 டிகிரியில் வைத்தால் அறை சீக்கிரம் குளிரும் என்பது வெறும் நம்பிக்கை. சாதாரண ஏர்கோன் 18லும் 25லும் ஒரே வேகத்தில்தான் குளிர்விக்கும்; 18 என்றால் நிற்காமல் ஓடும், அவ்வளவுதான். 25 அல்லது 26இல் வைத்துக் காற்றாடியையும் சுற்றவிட்டால் உடம்புக்கு அதே சுகம் கிடைக்கும். வடிகட்டியில் அடைந்த தூசியை இரண்டு வாரத்திற்கு ஒரு முறை கழுவுவதும் நாமே செய்யக்கூடிய வேலை.

தரைவீடுகளில் இன்னொரு காரணமும் உண்டு. பகல் முழுவதும் வெயில் குடித்த ஓடும் மேற்குச் சுவரும் இரவு பத்து மணி வரை அந்தச் சூட்டை அறைக்குள் விட்டுக்கொண்டே இருக்கும். நாம் ஏர்கோன் போட்டு வெளியேற்றுவது பாதி அதைத்தான். மாலையில் வெளிக்காற்று குளிர்ந்ததும் சன்னலைத் திறந்து, காற்றாடியைச் சுற்றவிட்டு, அந்தச் சூட்டை முதலில் வெளியே தள்ளிய பிறகு ஏர்கோனைத் திறப்பது புத்திசாலித்தனம். கூரைக்கடியில் வெப்பத் தடுப்புத் தாள் போடுவது இன்னும் நல்லது. ஆனால் அது சொந்த வீட்டுக்காரர்களுக்கான யோசனை. சூரியத் தகடும் அப்படித்தான். வாடகை வீட்டில் இருப்பவர்களிடம் அதைப் பேசிப் பயனில்லை.

யார் வியர்க்கிறார்கள்?

சிக்கனக் குறிப்புகளில் எங்கும் வராத ஒரு கேள்வி இது. வீட்டில் மின்சாரத்தைக் குறைக்கலாம் என்று முடிவானால், குறைத்துக்கொள்வது யார்?

எங்கள் வீட்டில் பாட்டியின் அறையில் ஏர்கோன் இல்லை. “எனக்கு அந்தக் குளிர் ஒத்துக்காதும்மா” என்பார். உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பகலில் கூடத்தில் தனியாக இருக்கும்போது காற்றாடியையும் ஒன்றாம் எண்ணில் வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். நான் வந்ததும்தான் மூன்றுக்குக் கூட்டுவார். ஒத்துக்கொள்ளாதது குளிரா, கட்டணமா என்று எனக்கு இன்னமும் தெரியாது. அம்மா சமைக்கும் இடத்தில் காற்றாடியே கிடையாது. அடுப்புத் தீ அலையும் என்பது காரணம். தேர்வு இருக்கிறது என்ற ஒரே தகுதியில் ஏர்கோன் அறை எனக்கும் தங்கைக்கும் கிடைத்திருக்கிறது.

வயதானவர்களின் உடல் வெப்பத்தை வெளியேற்றுவதில் மெதுவாகிவிடும். தாகமும் சரியாகத் தெரியாது. வெப்ப அலையில் முதலில் ஆபத்துக்கு உள்ளாவது அவர்கள்தான். ஒரு காற்றாடி பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் முக்கால் யூனிட்டுக்கும் சற்றுக் கூடுதல். நம் அறை ஏர்கோனின் ஒன்றரை மணி நேரத்திற்கும் குறைவு. இந்த எண்களைப் பாட்டியிடம் சொன்னபோது அவர் கேட்டுக்கொண்டார். ஆனாலும் காற்றாடி ஒன்றில்தான் சுற்றுகிறது. தங்கை போகிறபோக்கில் அதைக் கூட்டிவிட்டுப் போகிறாள். வெயில் மாதங்களில் நாங்கள் மூவரும் ஓர் அறையில் படுத்து ஓர் ஏர்கோனை நிறுத்திப் பார்த்தோம். அண்ணனின் குறட்டையைத் தவிர அதில் குறையில்லை.

இதுவரை சொன்னது வீட்டுக்குள் செய்யக்கூடியது. என்னை உறுத்துவது வீட்டுக்கு வெளியே இருக்கிறது. தனியாக வாழும் ஒருவர் மாதம் 300 யூனிட் பயன்படுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். புதிய முறையில் அவருக்குக் கட்டணம் 65.79 ரிங்கிட், யூனிட்டுக்கு 22 சென். எங்கள் வீட்டில் ஆளுக்கு 107 யூனிட். நாங்கள் கட்டுவது யூனிட்டுக்கு 38 சென். ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் பயன்படுத்தும் குடும்பம் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு விலை கொடுக்கிறது. எங்கள் குடும்பமே இரண்டாகப் பிரிந்து, வீட்டுக்கு 320 யூனிட் என்று இரண்டு மீட்டரில் வாழ்ந்தால், இரண்டு வீட்டுக்கும் சேர்த்து 150 ரிங்கிட்தான் வரும். இப்போதைவிட 96 ரிங்கிட் குறைவு. அப்படிப் பிரிந்தால் நாட்டுக்கு மின்சாரம் மிச்சமாகுமா? இரண்டு குளிர்பதனப் பெட்டி, இரண்டு கூடத்துக் காற்றாடி என்று செலவு கூடத்தான் செய்யும். ஆனால் ‘ஆற்றல் சிக்கனம்’ என்ற பெயரிலுள்ள ஊக்கத்தொகை பிரிந்தவர்களைத்தான் பாராட்டுகிறது. ஒரே கூரையின் கீழ் பலர் வாழ்வது மின்சாரத்தைப் பொறுத்தவரை சிக்கனமான வாழ்க்கை. மீட்டருக்கு அது தெரியாது. அது தலைகளை எண்ணுவதில்லை.

நியாயமாகச் சொன்னால், பழைய முறையிலும் இந்தக் குறை இருந்தது. 640 யூனிட்டுக்குப் பழைய கட்டணம் 253 ரிங்கிட்டுக்கு மேல். இப்போது கொஞ்சம் குறைவுதான். ஆகவே புதிய முறை எங்களை ஏமாற்றிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. மொத்த முறையையும் புதிதாக எழுதக் கிடைத்த வாய்ப்பில் இந்தப் பழைய குறை அப்படியே கடந்து வந்துவிட்டது என்பதுதான் என் வாதம்.

இது கூட்டுக் குடும்பத்தின் கவலை மட்டுமல்ல. பல்கலைக்கழகத்துக்கு வெளியே ஆறேழு பேர் சேர்ந்து வீடெடுத்துத் தங்கும் மாணவர்களும் ஒரே மீட்டரில்தான் இருக்கிறார்கள். ஆளுக்கு நூறு யூனிட் என்று கட்டுப்பாடாக இருந்தாலும் ஏழு பேர் சேர்ந்தால் 700. சில வீடுகளில் அறைக்கு அறை சிறு மீட்டர் பொருத்தி, யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரரே விலை சொல்கிறார். அப்படி இருந்தால் அந்த மாதத்து அசல் சீட்டைப் பார்க்கக் கேளுங்கள். மேலே சொன்ன வரம்புகளை வைத்து நீங்களே கணக்குப் போடலாம்.

மாணவர் வீடுகளுக்குப் பொருந்தும் இன்னொரு வழி நேரவாரிக் கட்டணம். ஸ்மார்ட் மீட்டர் உள்ள வீடுகள் விரும்பினால் இதற்கு மாறலாம். வேலை நாட்களில் மதியம் 2 முதல் இரவு 10 வரை உச்ச நேரம். மின்சாரப் பகுதிக்கு 28.52 சென். மற்ற நேரம், வார இறுதி, பொது விடுமுறை முழுவதும் 24.43 சென். வழக்கமான விலை 27.03 சென் என்பதால், மொத்தப் பயன்பாட்டில் ஐந்தில் இரண்டு பங்கு உச்ச நேரத்துக்கு வெளியே இருந்தாலே ஆதாயம்தான். வாரத்தின் 168 மணி நேரத்தில் உச்ச நேரம் 40 மட்டுமே. இரவு பத்துக்கு மேல் ஏர்கோன், சனி ஞாயிறில் சலவை, இஸ்திரி என்றிருக்கும் வீட்டுக்கு இது ஏற்றது. பெரிய தொகையை எதிர்பார்க்க வேண்டாம்: 600 யூனிட்டில் 70 விழுக்காடு மலிவு நேரத்தில் விழுந்தால் மிச்சம் 8 ரிங்கிட் சொச்சம்.

தலைகளை எண்ண முடியுமா?

முடியாது என்பார்கள். யார் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று எப்படித் தெரியும், ஆளில்லாதவர்களின் பெயரையும் சேர்த்துவிடுவார்களே என்பார்கள். ஏற்கத்தக்க ஐயம்தான். ஆனால் எஸ்.டி.ஆர். எனப்படும் ரஹ்மா ரொக்க உதவி வருமானத்தோடு பிள்ளைகளின் எண்ணிக்கையையும் பார்த்தே வழங்கப்படுகிறது. 2025 செப்டம்பர் இறுதியில் தொடங்கிய புடி95 திட்டம், பெட்ரோல் சலுகையை ஒவ்வொருவரின் மைகார்டோடும் இணைத்தது. பெட்ரோலுக்கு ஆளை எண்ணத் தெரிந்த அரசாங்கத்துக்கு மின்சாரத்துக்கு எண்ணத் தெரியாமல் போகுமா?

தென் கொரியாவில் மூன்று பிள்ளைகளோ அதற்கு மேலோ உள்ள குடும்பங்களுக்கும், ஐந்து பேரோ அதற்கு மேலோ வாழும் வீடுகளுக்கும் மின்கட்டணக் கழிவு உண்டு. 2018இல் கடுமையான வெப்ப அலை வந்த பிறகு, 2019 முதல் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மட்டும் கட்டண வரம்புகளையே தளர்த்தினார்கள். மற்ற மாதங்களில் 200 யூனிட்டில் முடியும் முதல் வரம்பு, அந்த இரு மாதங்களில் 300 வரை நீள்கிறது. வெயிலுக்கு ஏர்கோன் போடுவதை ஊதாரித்தனமாகப் பார்க்காத முறை அது.

நமக்கும் இந்த இரண்டும் பொருந்தும். ஆறு பேருக்கு மேல் பதிவுள்ள வீட்டுக்கு 600 என்ற கோட்டை 800க்கு நகர்த்தலாம். வெப்ப எச்சரிக்கை விடுக்கப்பட்ட மாதத்தில் அந்தந்த மாவட்டத்துக்கு வரம்பைத் தளர்த்தலாம். பெரிய பங்களாவில் எட்டுப் பேர் இருந்தால் அவர்களுக்கும் சலுகை போகுமே என்ற கேள்வி வரும். போகும். இப்போது தனியாக வசதியாக வாழ்பவருக்குப் போகும் சலுகையைவிட அது பெரிய அநீதி இல்லை என்பது என் கருத்து. ஈ-காசே பட்டியலில் உள்ள வறிய குடும்பங்களுக்கு மாதம் 40 ரிங்கிட் வரை மின்கட்டண உதவி இருக்கிறது. அது தொடர வேண்டும். ஆனால் அந்தப் பட்டியலுக்குள் வராத, சாதாரண வேலைக்குப் போகிற பெரிய குடும்பங்கள்தாம் இந்தக் கோட்டின் மேல் நிற்கின்றன.

இப்போதைய கட்டணக் காலம் 2025 முதல் 2027 வரைக்குமானது. அடுத்த காலத்துக்கான கணக்கு வழக்குகள் அது முடிவதற்கு முன்பே எரிசக்தி ஆணையத்தின் மேசைக்கு வந்தாக வேண்டும். எங்கள் வீட்டுச் சீட்டுகளையும், எங்கள் தாமானில் ஐந்து பேருக்கு மேல் வாழும் நான்கு வீடுகளின் சீட்டுகளையும் பெயர் முகவரியை மறைத்துச் சேர்த்து வைத்திருக்கிறேன். இந்தத் தவணை விடுமுறையில் அவற்றை ஒரு பக்க அட்டவணையாக்கி எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் கொடுக்கப் போகிறேன்.